கோழி தின்ற அரிசி

அத்தை திண்ணையில் கால் நீட்டி உட்கார்ந்து, மடியில் முறத்தை வைத்து அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தார். கல் பொறுக்குகிறார் என்று நினைத்துப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பார்த்தால், அவர் ஒதுக்கி வைத்திருந்ததும் அரிசிதான். மற்ற மணிகளைவிடச் சற்று மங்கலாக, நுனி மழுங்கி, அச்சில் வார்த்ததுபோல் ஒரே அளவில் இருந்தது. எல்லாம் சேர்த்தால் ஒரு பிடிகூடத் தேறாது.

"பிளாஸ்டிக் அரிசி, தம்பி. ரேஷன் அரிசியில் கலந்து கொடுக்கிறார்கள். தண்ணீரில் போட்டால் இது மட்டும் மிதக்கிறது."

எனக்குத் தெரிந்த விஷயம் என்பதால் உற்சாகமாகப் பேச ஆரம்பித்தேன். அது செறிவூட்டப்பட்ட அரிசி. அரிசியை மாவாக்கி, இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 மூன்றையும் சேர்த்துப் பிசைந்து, முறுக்கு அச்சில் பிழிவதுபோல் இயந்திரத்தில் பிழிந்து, மறுபடியும் அரிசி வடிவில் நறுக்குகிறார்கள். 100 கிலோ அரிசிக்கு 1 கிலோ இந்த மணி. இரத்தசோகை குறையும் என்பதற்காக 2024 மார்ச்சுக்குள் நாடு முழுக்கப் பொது விநியோகத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள்.

அத்தை குறுக்கிடாமல் கேட்டார். முடித்ததும் ஒரே ஒரு கேள்வி: "யார் சாப்பிட்டுப் பார்த்தார்கள்?"

நான் திணறிப்போனேன். அறிவியலின் வரலாற்றைப் பொழுதுபோக்காகப் பல வருடமாகப் படித்துவருகிறவன் நான். அந்தத் துறையின் பெரிய பெரிய புத்தகங்கள் சுற்றிச் சுற்றி வருவதும் ஏறக்குறைய இந்தக் கேள்வியைத்தான். ஒரு பொருள் எப்படி வேலை செய்யும் என்று விளக்கத் தெரிவது ஒன்று. அது வேலை செய்ததா என்று பார்த்திருப்பது வேறொன்று. நான் அத்தைக்கு முதலாவதை விளக்கிவிட்டு இரண்டாவதைச் சொல்லிவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். இந்தக் குழப்பத்துக்கு உலகம் கொடுத்த விலை என்ன என்று பார்க்க அரிசியைவிட நல்ல உதாரணம் கிடையாது.

பெரிபெரி என்றொரு நோய் இருந்தது. "இருந்தது" என்று எழுத முடிவதே ஒரு சாதனைதான், ஆனால் இன்னும் முற்றாகப் போய்விடவில்லை. பெயர் சிங்களத்திலிருந்து வந்தது என்பது பரவலான கருத்து. அந்த மொழியில் 'பெரி' என்பதற்கு 'முடியாது' என்று பொருள். முதலில் கால் மரத்துப்போகும். பிறகு பாதம் தொங்கிவிடும், நடை தள்ளாடும். சிலருக்குக் கால் வீங்கி, விரலால் அழுத்தினால் குழி விழும். அந்த வகையில் இதயம் பெருத்து, மூச்சுத் திணறி, சில நாட்களிலேயே மரணம் வரலாம். அரிசி உண்ணும் ஆசியா முழுவதும், குறிப்பாக ஆண்கள் கூட்டமாக ஒரே சமையலறையில் சாப்பிடும் இடங்களில், அதாவது கப்பல், படைமுகாம், சிறை, சுரங்கம் ஆகியவற்றில் இது கொத்துக்கொத்தாக வந்தது.

ஜப்பானியர்கள் இதைக் 'கக்கே' என்றார்கள். இன்றைய டோக்கியோவான எடோ நகரத்துக்குப் போனால் வரும், சொந்த ஊருக்குத் திரும்பினால் சரியாகிவிடும் என்பதால் 'எடோ நோய்' என்றும் பெயர். நகரத்தில் நன்றாகத் தீட்டிய வெள்ளை அரிசி, கிராமத்தில் பார்லியும் சிறுதானியமும். பாரம்பரிய மருத்துவர்கள் சிலர் நோயாளிக்கு அரிசியை நிறுத்திப் பயறும் பார்லியும் கொடுத்தார்கள். மேற்கத்திய மருத்துவம் படித்துவிட்டு வந்த புதிய தலைமுறைக்கு அது பாட்டி வைத்தியமாகத் தோன்றியது.

1882 கடைசியில் 'ரியூஜோ' என்ற கடற்படைப் பயிற்சிக் கப்பல் ஜப்பானிலிருந்து கிளம்பி நியூசிலாந்து, தென் அமெரிக்கா, ஹவாய் என்று சுற்றிவந்தது. கப்பலில் 376 பேர். 169 பேருக்குக் கக்கே வந்தது. 25 பேர் இறந்தார்கள். லண்டனில் மருத்துவம் படித்துத் திரும்பியிருந்த கடற்படை மருத்துவர் தக்காகி கனெஹிரோவுக்கு ஒரு சந்தேகம்: அதிகாரிகளுக்கு இந்த நோய் குறைவாகவும் மாலுமிகளுக்கு அதிகமாகவும் வருவதற்குச் சாப்பாடுதான் காரணமோ? அவர் செய்த காரியம் அபாரமானது. அடுத்த பயிற்சிக் கப்பலான 'ட்ஸுக்குபா'வை 1884-இல் அதே வழியில், ஏறக்குறைய அதே கால அளவுக்கு அனுப்பவைத்தார். உணவை மட்டும் மாற்றினார். வெள்ளை அரிசியைக் குறைத்து ரொட்டி, இறைச்சி, டின் பால், காய்கறி என்று கொடுத்தார். கப்பல் திரும்பியபோது நோய் வந்திருந்தவர்கள் சுமார் 15 பேர், அவர்களிலும் புதிய உணவைத் தொட மறுத்தவர்கள் பலர். ஒருவர்கூடச் சாகவில்லை. அடுத்த சில ஆண்டுகளில் அரிசியோடு பார்லி கலந்த சோற்றால் கடற்படையில் கக்கே ஏறத்தாழ மறைந்தே போனது. பின்னாளில் தக்காகிக்குப் பிரபுப் பட்டம் கிடைத்தபோது ஊர் அவரைப் 'பார்லிப் பிரபு' என்று கிண்டல் கலந்த அன்போடு அழைத்தது.

தக்காகி சொன்ன விளக்கம் தவறு. உணவில் நைட்ரஜன், அதாவது புரதம், குறைந்து கார்பன் கூடிப்போவதால் நோய் வருகிறது என்றார். அது இல்லை காரணம். அவர் மாற்றிய சாப்பாட்டில் தற்செயலாக இருந்த வேறொன்று வேலை செய்தது. அப்படி ஒன்று இருப்பதே அப்போது உலகத்தில் யாருக்கும் தெரியாது.

இப்போது தரைப்படைக்கு வருவோம். அங்கே இளம் மருத்துவ அதிகாரி மோரி ரின்தாரோ இருந்தார். மோரி ஓகாய் என்ற பெயரில் நவீன ஜப்பானிய இலக்கியத்தின் தூண்களில் ஒருவராக அறியப்படுபவர் அவரேதான். 1884 முதல் 1888 வரை ஜெர்மனியில் படித்தவர். ராபர்ட் கோஹ்விடம் பயின்றவர். காசநோய்க் கிருமியை 1882-இல் கண்டுபிடித்த அதே கோஹ். அந்தக் காலத்தில் நோய் என்றால் கிருமி, மற்றதெல்லாம் பழங்கதை. மோரியும் அவருடைய மேலதிகாரிகளும் தக்காகியின் கொள்கையை ஏற்கவில்லை. மறுப்பது மட்டுமின்றி, மோரி 1889-இல் சோதனையும் நடத்தினார். படைவீரர்களுக்கு அரிசி உணவு, பார்லி கலந்த உணவு, மேற்கத்திய உணவு என்று கொடுத்து, உடலில் சேரும் ஆற்றலையும் நைட்ரஜன் கணக்கையும் அளந்தார். அரிசிதான் முதலிடம் பிடித்தது.

நான் இந்த இடத்தில் பல நாள் நின்றிருக்கிறேன். மோரியை முட்டாளாக்கிவிட்டு நகர்ந்துவிடுவது சுலபம். அவர் முட்டாள் இல்லை, சிக்கலே அங்கேதான் இருக்கிறது. அவருடைய அளவீடுகள் நேர்மையானவை. தக்காகியின் நைட்ரஜன் கொள்கையை அவர் உடைத்தது நியாயமாகத்தான். ஆனால் கொள்கையை உடைத்துவிட்டால் கப்பலும் உடைந்துவிடும் என்று எண்ணிவிட்டார். 169 பேர் ஒரு பக்கம், சுமார் 15 பேர் மறுபக்கம். தக்காகி வாய் திறக்காமல் இருந்திருந்தாலும் அந்த இரண்டு எண்களும் அங்கேயேதான் நின்றுகொண்டிருக்கும். விளக்கம் தவறானால் விளக்கத்தைத் தூக்கி எறியலாம். கண்டதை எறிய முடியாது.

தரைப்படையிலேயே ஒசாகாவில் இருந்த ஒரு மருத்துவ அதிகாரி, சிறைக்கைதிகளுக்குப் பார்லிச் சோறு போட்ட பிறகு நோய் குறைந்ததைக் கவனித்துத் தன் வீரர்களுக்கும் அதையே கொடுத்துக் குணம் கண்டிருந்தார். பல முகாம்கள் ஓசைப்படாமல் பார்லிக்கு மாறியும் இருந்தன. ஆனால் போர் என்று வந்தபோது களத்துக்குப் போனது வெள்ளை அரிசி. 1894-95 சீனப் போரில் சுமார் 4,000 வீரர்கள் கக்கேயால் இறந்தார்கள், சண்டையில் இறந்தவர்களைவிட அதிகம். 1904-05 ரஷ்யப் போரில் அந்த எண்ணிக்கை ஏறத்தாழ 27,000. ஏழை வீட்டுப் பையன்களுக்குப் படையில் சேர்வதன் பெரிய கவர்ச்சியே தினமும் வெள்ளைச் சோறு என்பதுதான். அந்தச் சோறே கொன்றது. 1905 மார்ச்சில்தான் படை அமைச்சர் பார்லியைக் கலக்க உத்தரவிட்டார், அதுவும் ஏன் என்று தெரியாமலே.

இதே சமயத்தில் ஜாவாத் தீவில் கோழிகள் நொண்ட ஆரம்பித்திருந்தன. டச்சுக்காரர் கிறிஸ்டியான் எய்க்மன் பட்டாவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், பெரிபெரிக் கிருமியைத் தேடிக்கொண்டிருந்தார். நோயாளிகளின் இரத்தத்திலிருந்து எடுத்ததைக் கோழிகளுக்கு ஊசியில் ஏற்றினார். 1889-இல் கோழிகளுக்குக் கால் துவண்டது. வெற்றி! ஆனால் ஊசி போடாத கோழிகளும் துவண்டன. தொற்றிவிட்டது போலும் என்று அவற்றைத் தனியே பிரித்தார். நவம்பர் கடைசியில் எல்லாக் கோழிகளும் தாமாகவே எழுந்து நடந்தன. விசாரித்தபோது சங்கதி வெளிப்பட்டது. ஜூன் முதல், கோழிகளைப் பார்த்துக்கொண்ட உதவியாளர் செலவை மிச்சம் பிடிக்க ராணுவ மருத்துவமனைச் சமையலறையில் மிஞ்சிய வெள்ளைச் சோற்றைப் போட்டு வந்திருக்கிறார். நவம்பரில் புதிய சமையல்காரர் வந்தார். ராணுவத்தின் அரிசியைச் சிவிலியன் கோழிகளுக்குத் தர முடியாது என்று மறுத்துவிட்டார். கோழிகளுக்கு மறுபடி தீட்டாத மலிவு அரிசி. நோய் போய்விட்டது.

மனித குலத்தின் மருத்துவ வரலாற்றில் ஓர் அரசு ஊழியரின் விதிமுறைப் பிடிவாதம் இவ்வளவு நன்மை செய்த இடம் வேறெதுவும் எனக்குத் தெரியவில்லை. நம் ஊர் அலுவலகங்களில் வரிசையில் நிற்கும்போதெல்லாம் அந்தச் சமையல்காரரை நினைத்து மனத்தைத் தேற்றிக்கொள்வேன்.

எய்க்மனின் நண்பர் வோர்டர்மன் ஜாவாவின் 101 சிறைகளில் கணக்கெடுத்தார். மொத்தம் ஏறத்தாழ 2,80,000 கைதிகள். தீட்டிய அரிசி போட்ட சிறைகளில் 39 பேருக்கு ஒருவர் நோயாளி. தவிட்டோடு கூடிய அரிசி போட்ட சிறைகளில் 10,000 பேருக்கு ஒருவர். கட்டடம் பழையதா, காற்றோட்டம் உண்டா, நெரிசல் எவ்வளவு என்பதையெல்லாம் சேர்த்துப் பார்த்தார். அரிசி ஒன்றுதான் ஒத்துப்போனது. இவ்வளவு பார்த்த பிறகும் எய்க்மன் சொன்ன விளக்கம், சோற்றின் மாவுச்சத்தில் நஞ்சு இருக்கிறது, தவிட்டில் அதற்கு முறிவு இருக்கிறது என்பதாக இருந்தது. கிருமியை விட்டுவிட்டாலும், நோய் என்றால் ஏதோ ஒன்று உள்ளே வந்திருக்க வேண்டும் என்ற எண்ணத்தை அவரால் விட முடியவில்லை. உள்ளே வர வேண்டிய ஒன்று வராமல் போவதாலும் ஆள் சாகலாம் என்பது யோசிக்கவே முடியாததாக இருந்தது. அவருக்குப் பிறகு அந்த வேலையைத் தொடர்ந்த கெரிட் க்ரைன்ஸ், பச்சைப்பயறு கொடுத்தாலும் கோழிகள் பிழைப்பதைப் பார்த்து, 1901-இல் அதை எழுதினார்: உணவில் ஏதோ ஒன்று இருக்கிறது, அது இல்லாவிட்டால் நரம்பு கெடுகிறது. 1929-இல் நோபல் பரிசு எய்க்மனுக்குக் கிடைத்தது. க்ரைன்ஸுக்குக் கிடைக்கவில்லை.

இனி வருவதுதான் எனக்கு நெருக்கமான பகுதி. மலாயா.

வெள்ளீயச் சுரங்கங்களில் சீனத் தொழிலாளர்கள். ரப்பர் தோட்டங்களிலும் ரயில் பாதையிலும் சென்னை மாகாணத்திலிருந்து போன தமிழர்கள். சுற்றிலும் கிராமங்களில் மலாய்க்காரர்கள். ஒரே வெயில், ஒரே மழை, ஒரே கொசு. சீனர்கள் பெரிபெரியில் ஆயிரக்கணக்கில் விழுந்தார்கள். தமிழர்களுக்கு அது வரவேயில்லை என்று சொல்லும் அளவுக்குக் குறைவு. நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராக இருந்த பிராடன் என்பவர் இதை ஆண்டுக்கணக்கில் கவனித்து 1907-இல் பெரிய நூலாக வெளியிட்டார். மூன்று மக்களும் அரிசிதான் சாப்பிடுகிறார்கள். ஆனால் சீனர்கள் சாப்பிடுவது ஆலையில் தீட்டிய பச்சரிசி. மலாய்க்காரர்கள் தங்கள் வயல் நெல்லை அவ்வப்போது வீட்டிலேயே குத்திச் சாப்பிடுகிறார்கள். தமிழர்கள் சாப்பிடுவது புழுங்கல்.

பெருமையாக மார்தட்டுவதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அதே தோட்டங்களில் தமிழர்கள் மலேரியாவில் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள். புழுங்கலரிசி அவர்களை ஒரே ஒரு சாவிலிருந்துதான் காப்பாற்றியது.

பிராடனின் விளக்கம்? அதுவும் தவறுதான். பழைய பச்சரிசியில் ஏதோ பூஞ்சை நஞ்சு உண்டாகிறது, நெல்லை அவிக்கும்போது அது வராமல் தடுக்கப்படுகிறது என்றார். தக்காகி, எய்க்மன், பிராடன் என்று மூன்று பேர். மூவரும் சரியான அரிசியைக் காட்டினார்கள், மூவரும் தவறான காரணத்தைச் சொன்னார்கள்.

1905-இல் கோலாலம்பூர் மனநோய் விடுதியில் பெரிபெரி பரவியபோது அங்கிருந்த மருத்துவர் வில்லியம் ஃபிளெட்சர் நோயாளிகளைச் சாப்பாட்டுக் கொட்டகையில் வரிசையாக நிறுத்தி எண் சொல்லவைத்தார். ஒற்றைப்படை எண்கள் ஒரு பக்கக் கட்டடம், சயாம் பச்சரிசி. இரட்டைப்படை எண்கள் எதிர்க் கட்டடம், இந்தியப் புழுங்கலரிசி. கட்டடத்தில் ஏதாவது இருக்கிறதோ என்று பாதியில் இரு குழுக்களையும் இடம் மாற்றியும் பார்த்தார். பச்சரிசி சாப்பிட்ட 120 பேரில் முப்பதுக்கு மேற்பட்டவர்களுக்கு நோய் வந்தது, 18 பேர் இறந்தார்கள். புழுங்கலரிசி சாப்பிட்ட 123 பேரில் இரண்டே பேருக்கு நோய் இருந்தது, அதுவும் சேரும்போதே இருந்தது. சாவு இல்லை.

இன்று இப்படி ஒரு சோதனையை எந்த நாட்டிலும் அனுமதிக்க மாட்டார்கள். சம்மதம் கொடுக்கவோ மறுக்கவோ முடியாத மனிதர்கள் அவர்கள். அத்தையின் "யார் சாப்பிட்டுப் பார்த்தார்கள்?" என்ற கேள்விக்கு வரலாறு தரும் நேரான பதில், கைதிகள், கூலிகள், மனநோயாளிகள், படைவீரர்கள் என்பதுதான். அதற்குப் பிறகு ஃப்ரேசர், ஸ்டாண்டன் என்ற இருவர் ரோடு போடும் 300 ஜாவாத் தொழிலாளர்களைப் பிரித்து, அரிசியை மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். அதே முடிவு. அவர்கள் புத்திசாலித்தனமாக ஒன்று செய்தார்கள். காரணப்பொருள் எது என்று தெரியாவிட்டால் பரவாயில்லை, தவிடு எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்பதை அரிசியிலுள்ள பாஸ்பரஸை அளந்து கண்டுபிடிக்கலாம் என்றார்கள். பாஸ்பரஸுக்கும் நோய்க்கும் சம்பந்தமில்லை என்பது அவர்களுக்கே தெரியும். அது வெறும் அடையாளம். 1910-இல் மணிலாவில் கூடிய மருத்துவர்கள் வெள்ளை அரிசிக்கும் பெரிபெரிக்கும் உள்ள தொடர்பை ஏற்றுத் தீர்மானம் போட்டார்கள்.

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒரு செய்தி வரும். நெல்லை அவித்தால் வைட்டமின் உள்ளே இறங்கும் என்று நம் முன்னோர்களுக்கு அன்றே தெரிந்திருந்தது, வெள்ளைக்காரன் நேற்றுத்தான் கண்டுபிடித்தான் என்று. கைகூப்பும் பொம்மைகள் வரிசையாகத் தொடரும்.

என் அப்பாயி நெல் அவித்ததைப் பார்த்திருக்கிறேன். முதல் நாளே பெரிய அண்டாவில் ஊறப்போட்டு, விடியுமுன் கொல்லையில் உமியும் சருகும் போட்டு அடுப்பு மூட்டுவார். நெல் வாய் பிளக்கும் பதத்தில் எழும் வாசனை இப்போதும் மூக்கில் இருக்கிறது. களத்தில் கொட்டிக் காலால் கிளறிக் கிளறிக் காயவைப்பார். ஏன் அப்பாயி அவிக்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறேன். அவித்தால் குத்தும்போது நொய் விழாது, அரிசி கூடக் காணும், வண்டு வைக்காது, சோறு வயிற்றில் நின்று பசி தாங்கும் என்றார். எல்லாம் உண்மை. எல்லாம் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டவை. அவற்றில் நரம்பு கிடையாது, இதயம் கிடையாது. அவர் சொல்லாத ஒன்றை அவர் தலையில் ஏற்றி வைப்பது அவருக்குச் செய்யும் மரியாதை என்று எனக்குத் தோன்றவில்லை. அவருக்குத் தெரிந்திருந்ததே போதுமான அளவு பெரிது.

அதே அப்பாயி சோற்றுக்கு அரிசியை மூன்று முறை களைந்து, கழுநீரை மாட்டுத் தொட்டியில் ஊற்றுவார். சோறு வெந்ததும் கஞ்சியை வடிப்பார். பெரிபெரியைத் தடுக்கும் சத்து தண்ணீரில் கரைவது. அவித்தபோது உள்ளே போனதில் ஒரு பகுதி கழுநீரோடு போய்விடும். மாட்டுக்கு அது தேவையும் இல்லை, அதன் வயிற்றிலுள்ள நுண்ணுயிர்களே தயாரித்துக் கொடுத்துவிடும். முன்னோர்கள் எல்லாம் அறிந்தே செய்தார்கள் என்றால் இதை என்ன சொல்வது?

இன்னொன்று. வட சர்க்கார் பகுதியில், அதாவது இன்றைய ஆந்திரக் கடற்கரையில், மக்கள் பச்சரிசிதான் சாப்பிட்டார்கள். அதே சென்னை மாகாணம்தான். அவர்களுடைய முன்னோர்களும் முன்னோர்கள்தான். உரலில் குத்திய காலம்வரை பச்சரிசியிலும் கொஞ்சம் தவிடு ஒட்டியிருந்தது, பெரிய தொந்தரவு இல்லை. நீராவி ஆலை வந்து அரிசியை மல்லிகைப்பூவாகத் தீட்டியதும் அங்கே பெரிபெரி நிலைத்துவிட்டது. தமிழ்நாட்டுக்கும் ஆலை வந்தது, இங்கே அவித்த நெல் என்பதால் தப்பித்தோம். ஒரு வழக்கம் நம்மை எதிலிருந்து காக்கிறது என்று தெரியாவிட்டால், எந்த இயந்திரம் வந்தால் அந்தக் காவல் போய்விடும் என்பதும் தெரியாது. பலனைக் கண்டுகொண்டால் போதும், காரணம் எதற்கு என்று நான் மேலே எழுதியதற்கு இது எதிர்வாதம். இரண்டும் வேண்டும். ஆனால் இரண்டும் சேர்ந்து வருவதில்லை, ஒன்றுக்காக இன்னொன்றைக் காத்திருக்க வைத்தால் ஆள் செத்துவிடுகிறான்.

வட சர்க்காரில் அந்த நோய் இருந்த காலத்தில்தான் குன்னூரில் ஒரு வேலை தொடங்கியது. 1918-இல் பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டில் ஒரே அறையில் பெரிபெரி விசாரணை என்ற பெயரில் ராபர்ட் மெக்காரிசன் தொடங்கிய ஆய்வுக்கூடம் அது. பிறகு வளர்ந்து 1958-இல் ஹைதராபாத்துக்கு இடம்பெயர்ந்தது. இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் தாய்வீடு நீலகிரிதான். மெக்காரிசன் எலிகளுக்கு இந்தியாவின் பல பகுதி மக்களின் சாப்பாட்டைக் கொடுத்து எடை பார்த்தார். சீக்கியர் சாப்பாடு சாப்பிட்ட எலி கொழுகொழுவென்று முதலிடம், மதராஸிச் சாப்பாட்டு எலி கடைசி. பாலும் கோதுமையும் பருப்பும் உள்ள உணவு மேல் என்பதில் சந்தேகமில்லை. ஆனாலும் பட்டியலில் மேலே வந்தவர்கள் பிரிட்டிஷார் படையில் சேர்க்க விரும்பிய இனங்களாகவே இருந்தது, எலிகளுக்கும் அரசியல் உண்டோ என்று என்னை யோசிக்கவைக்கும்.

1912-இல் காசிமிர் ஃபங்க் 'வைட்டமின்' என்ற சொல்லை உருவாக்கினார். 1926-இல் ஜாவாவில் ஜான்சனும் டோனத்தும் மலைபோன்ற தவிட்டிலிருந்து மில்லிகிராம் கணக்கில் படிகங்களைப் பிரித்தெடுத்தார்கள். அந்தப் பொருள் தயமின், வைட்டமின் பி1. நாளொன்றுக்கு ஓர் ஆளுக்குத் தேவை ஒரு மில்லிகிராமுக்குச் சற்று மேல். மாவுச்சத்தை எரித்து ஆற்றலாக்க உடலுக்கு அது வேண்டும். ஆகவே சோறு மட்டுமே தின்பவனுக்கு அது இன்னும் கூடுதலாக வேண்டும், தீட்டிய சோற்றிலோ அது மிகக் குறைவு. 1936-இல் அதைச் செயற்கையாகத் தயாரித்தவர் ராபர்ட் வில்லியம்ஸ். 1886-இல் நெல்லூரில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தவர். இளைஞராக மணிலாவில் பெரிபெரிக் குழந்தைகளைப் பார்த்துத் தொடங்கிய தேடலை, அமெரிக்கத் தொலைபேசி நிறுவனத்தின் ஆய்வகத்தில் வேலை பார்த்துக்கொண்டே, ஓய்வு நேரத்தில் கால் நூற்றாண்டு தொடர்ந்தார். ரியூஜோ கப்பலிலிருந்து இதுவரை அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருந்தது. முழு விளக்கம் கிடைக்கட்டும் என்று ஜப்பானியக் கடற்படை அதுவரை காத்திருந்தால்?

இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் யாராவது ஒருவர் மகிழ்ச்சியோடு எழுந்து, ஆகவே அறிவியலால் விளக்க முடியாத எங்கள் லேகியத்தையும் நம்ப வேண்டும் என்பார். ஒருமுறை ஒரு கூட்டத்தில் இப்படி நடந்தது, அவருடைய பையில் லேகியமும் இருந்தது. தக்காகிக்கும் அவருக்கும் வித்தியாசம் மிக எளிது. தக்காகி நோய் வந்தவர்களையும் எண்ணினார். லேகியக்காரரிடம் குணமானவர்களின் கடிதங்கள் மட்டுமே இருக்கும். 169-ஐ எழுதி வைத்திருந்தால்தான் 15-க்கு அர்த்தம் உண்டு.

திரும்பத் திண்ணைக்கு வருகிறேன். செறிவூட்டப்பட்ட அரிசி விஷயத்தில் நிலைமை தக்காகிக்கு நேர் தலைகீழ். அவரிடம் பலன் இருந்தது, விளக்கம் தவறு. நம்மிடம் விளக்கம் கச்சிதமாக இருக்கிறது. இரும்பு குறைந்தால் இரத்தசோகை, ஆகவே இரும்பைச் சேர். ஆனால் இரும்பு சேர்த்த அரிசி ஊர் அளவில் இரத்தசோகையைக் குறைக்கிறதா என்று பார்த்த ஆய்வுகளைத் தொகுத்தவர்கள், பெரிய வித்தியாசம் இல்லாமல் போகலாம் என்றே எழுதினார்கள். இரத்தசோகைக்கு இரும்புக் குறைவு மட்டுமே காரணம் இல்லை. குடற்புழு, மலேரியா, பரம்பரை இரத்தக் கோளாறுகள் எல்லாம் உண்டு. அரிசியில் சத்து சேர்ப்பதே வீண் என்றும் சொல்லிவிட முடியாது. 1940-களின் கடைசியில் பிலிப்பைன்ஸின் பட்டான் மாகாணத்தில் தயமின் கலந்த அரிசியைக் கொடுத்தபோது, பெரிபெரிச் சாவுகள் வேகமாகக் குறைந்தன. அங்கே பக்கத்துப் பகுதியில் சாதாரண அரிசியே கொடுத்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள்.

இதையெல்லாம் அத்தையிடம் இவ்வளவு நீளமாகச் சொல்லவில்லை. கப்பலையும் கோழிகளையும் மட்டும் சொன்னேன். சமையல்காரர் அரிசி தர மறுத்த இடத்தில் சிரித்தார். பிறகு உள்ளே போய், பொறுக்கி வைத்திருந்த மணிகளை இடுக்கியில் பிடித்து, ஸ்டவ் தீயில் காட்டினார். பிளாஸ்டிக் என்றால் உருகிச் சொட்ட வேண்டும். அது கருகியது. பொரி கருகிய வாசனை வந்தது. பக்கத்தில் சாதாரண அரிசியையும் அதேபோல் காட்டிப் பார்த்தார், நான் சொல்லாமலே.

"அரிசிதான்," என்றார். "இதைக் கடையிலேயே சொல்லியிருக்கலாம் அல்லவா?"

கடையில் ஒரு தாள் ஒட்டியிருந்ததாம். எழுத்து பொடியாக இருந்ததாம். கேட்டதற்கு எடை போடுகிற பையன், மேலிருந்து வருகிறது, வாங்கிக்கொள்ளுங்கள் என்றானாம். எனக்கு மோரியின் மேலதிகாரிகள் நினைவுக்கு வந்தார்கள். பாவம், பையனும் அந்தத் தாளைப் படித்திருக்க மாட்டான்.

"இத்தனை நாள் பொறுக்கினதை என்ன செய்தீர்கள் அத்தை?"

அவர் கொல்லைப் பக்கம் கையைக் காட்டினார். முருங்கை மரத்தடியில் நான்கு கோழிகள் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தன. அத்தை அவற்றைச் சற்று நேரம் பார்த்தார். பக்கத்து வீட்டுக் கோழிகள் சாதாரண அரிசிதானே தின்கின்றன என்று கேட்டார். ஆமாம் போலிருக்கிறது என்றேன். எழுந்து வேலியோரம் போய், எட்டி அந்தப் பக்கம் பார்க்க ஆரம்பித்தார்.